லோத் ஆற்றின் வளைவுகளில் மலைச் சைக்கிள் ஓட்டுவது எப்படி

தென்மேற்கு பிரான்சில், லோத் ஆற்றங்கரையில் உள்ள காஓர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நேரே ஆற்றங்கரைப் பாதையில் சைக்கிளை ஓட்டிப் போய்விடாதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் ஊருக்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால் நிற்கும் மோன் சேன்-சீர் குன்றில் ஏறுங்கள். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரம்தான். மூச்சு வாங்கினால் தள்ளிக்கொண்டே போங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் காஓர் நகரம் முழுவதும் ஓர் ஆற்று வளைவுக்குள், மடியில் வைத்த குழந்தைபோலக் கிடக்கும். அந்தக் காட்சியை மனத்தில் வாங்கிக்கொண்டால் அடுத்த இரண்டு நாளுக்கு வரைபடம் அதிகம் தேவைப்படாது.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். இருபத்திரண்டு வருடங்களாகத் துலூஸில் இரவுப்பணிச் செவிலி. வயது ஐம்பத்து மூன்று, இடது முழங்காலில் ஒரு முறை கத்தி வைத்தாகிவிட்டது. துலூஸிலிருந்து காஓருக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் அல்லது சற்றுக் கூட ஆகும். பாரிஸிலிருந்து வருபவர்கள் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அந்த நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும்; இடங்களும் கொஞ்சம்தான். கழற்றி உறையில் போட்டால் 130-க்கு 90 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும்.

இப்போது வளைவுக்கு வருகிறேன். லோத் நேராக ஓடத் தெரியாத ஆறு. ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிக்கரையை முட்டி அரித்துச் செங்குத்தான பாறையாக்கிவிடுகிறது. உட்கரையில் கூழாங்கல்லையும் மணலையும் கொட்டிப் படுகையாக்குகிறது. ஆகவே வளைவின் உள்பக்கம் சமதளம், திராட்சைக் கொல்லைகள், டிராக்டர் தடங்கள். வெளிப்பக்கம் சுண்ணாம்புப் பாறை, அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். அல்பாஸ், பெலாய் இரண்டும் அப்படிப்பட்ட ஊர்கள். பாறைக்கு மேலே போனால் கோஸ் என்று அழைக்கப்படும் கரம்பு மேட்டுநிலம்: குட்டைக் கருவாலி மரங்கள், ஜூனிப்பர் புதர்கள், சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகள், மேய்ப்பர்கள் ஒதுங்கக் கட்டிய கூம்புக் கூரைக் கல்குடிசைகள். படுகை, பாறை, கரம்பு என்ற இந்த மூன்று படிகளுக்கிடையே ஏறி இறங்குவதுதான் இங்கே பயணம். ஆற்றங்கரையோடு மட்டும் போகிறவர் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

என் வழக்கம் இது: ஏறுவது தார்ச்சாலையில், இறங்குவது கல்பாதையில். கொல்லைகளிலிருந்து மேட்டுக்குப் போகும் சிறு தார்ச்சாலைகளில் வண்டி அபூர்வம், சரிவும் சீராக இருக்கும். இறங்கும்போது கோம்ப் எனப்படும் வறண்ட ஓடைப் பள்ளங்களைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் ஓடாத, மரநிழல் மூடிய பள்ளத்தாக்குகள் அவை. உதிர்ந்த இலைக்கு அடியில் தளர்ந்த கற்கள் இருக்கும். முன் பிரேக்கை விரல் நுனியால் தொட்டால் போதும். உடல் எடையைப் பின்னால் தள்ளுங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் சொல்வார்கள். என் எடை 61 கிலோ, டயர் 2.3 அங்குல அகலம், உள்ளே டியூப் கிடையாது. காற்றழுத்தம் முன்னால் 1.5 பார், பின்னால் 1.7 பார் வைக்கிறேன். மேட்டுநிலத்துக் கற்கள் கூர்மையானவை, பக்கச்சுவர் மெல்லிய டயரைக் கிழித்துவிடும். படுகைக் கூழாங்கற்கள் உருண்டையானவை, வேகமாகத் திரும்பினால் கோலிக்குண்டின் மேல் நிற்பதுபோல வழுக்கும். துளையை அடைக்கும் திரவத்தைப் புறப்படும் முன் புதிதாக ஊற்றுங்கள். இங்குள்ள முட்புதர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும்.

இவை இரண்டையும்விட மோசமானது களிமண். ஒரு ஏப்ரலில், இரவு மழைக்கு மறுநாள் காலை, பெலாய்க்கு மேலே ஒரு செம்மண் தடத்தில் இறங்கினேன். இருபது மீட்டர் போவதற்குள் பின்சக்கரம் சட்டத்தோடு ஒட்டிச் சுழல மறுத்தது. குச்சியால் நோண்டினேன், மறுபடி அப்பிக்கொண்டது. கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். களிமண்ணோடு அதன் எடை வீட்டு அரிசி மூட்டை அளவு இருந்தது. மழைக்குப் பிறகு ஒரு நாள் முழு வெயில் அடிக்கும்வரை மேட்டுத் தடங்களை விட்டுவிடுங்கள், படுகையிலேயே சுற்றுங்கள்.

வழிக்குறிகள். மலைச் சைக்கிளுக்கு இங்கே வே-தே-தே என்று பெயர். அதன் குறி ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும். முக்கோணத்தின் முனை காட்டும் திசையில் போக வேண்டும். பச்சை எளிது, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. வெள்ளை-சிவப்புக் கோடுகள் நெடுந்தூர நடைபாதையைக் குறிப்பவை. அப்பாதையின் 65-ஆம் எண் தடம் காஓர் வழியாக ஸ்பெயினின் சந்தியாகோ நோக்கிப் போகிறது. அதில் முதுகுப்பையோடு யாத்திரிகர்கள் நடப்பார்கள். தூரத்திலேயே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, "போன்ழூர்" சொல்லிவிட்டுத் தாண்டுங்கள். சொல்லாமல் போனால் முகம் சுளிப்பார்கள், அது நியாயம்தான். பெருக்கல் குறியைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள்.

இனி திராட்சைக் கொல்லைகள். வரிசைகளுக்கு நடுவே ஓட்டாதீர்கள். தனியார் நிலம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கொடியைத் தாங்கும் எஃகுக் கம்பி சரியாகக் கைப்பிடி உயரத்தில் இருக்கிறது, சிக்கினால் ஆள் பறப்பார். மே முதல் கோடை முழுவதும் டிராக்டர்கள் மருந்தடிக்கும். இலைமேல் நீலம் படிந்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல் என்று பொருள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, டிராக்டர் வரிசை மாறும்வரை நில்லுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அறுவடை. வரிசையை இரு கால்களுக்கிடையே வைத்து நடக்கும் ராட்சத இயந்திரங்கள் இருட்டோடு கிளம்பிவிடும். கொல்லை மூலையில் அவை திரும்பும்போது ஓட்டுநருக்கு உங்களைத் தெரியவே தெரியாது.

இங்கே விளைவது மால்பெக் என்ற திராட்சை வகை. உள்ளூரில் கோ என்றும் சொல்வார்கள். காஓர் என்ற பெயரை ஒயின் தாங்க அதில் குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் இருக்க வேண்டும். பர்னாக் பக்கம் ஒரு முதியவர், டயருக்குக் காற்றடிக்க நான் நின்றபோது பேச்சுக்கொடுத்தார். 1956 பிப்ரவரி உறைபனியில் கொடிகள் கருகியபோது அவர் சிறுவன். "அப்பா காலையில் கொல்லைக்குப் போய்விட்டு வந்து, மதியம்வரை பேசவில்லை" என்றார். மறுபடி நட்டு, நிமிர்ந்து, 1971-இல்தான் அந்தப் பெயருக்கு அரசுத் தகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வரிசைகளை வெறும் பசுமையாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒயின் வீடுகளில் ருசி பார்க்க நிறுத்தலாம். ஆனால் சைக்கிள்காரருக்கும் இங்கே கார் ஓட்டுபவருக்கான அதே சட்டம்தான்: லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் வரம்பு. அதற்குத்தான் மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைக்கிறார்கள். வாயில் வைத்ததை விருந்து கொடுத்தவர் கண்முன்னே துப்புவது என் வளர்ப்புக்கு ஒப்பவில்லை. முதல் வருடம் விழுங்கித் தொலைத்தேன், மாலை ஏற்றத்தில் அதற்குப் பலன் கிடைத்தது. இப்போது கூச்சமில்லாமல் துப்புகிறேன். போத்தல் வாங்க ஆசையிருந்தால் பயணத்தின் கடைசி ஊரில் வாங்குங்கள். ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்.

தண்ணீருக்கு ஒரு தந்திரம்: கிராமத்துக் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். "ஓ நோன் பொத்தாபிள்" என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது. அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது இரண்டு நிமிடம் மூச்சே வரவில்லை, பிறகு "குளித்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

சாப்பாட்டில் ஏமாறாதீர்கள். பன்னிரண்டு முதல் இரண்டு வரை கடைகள் மூடும்; உணவகத்தில் அந்த நேரத்தில்தான் அடுப்பு எரியும். ஒரு முறை ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றேன். மேசையெல்லாம் துடைத்துக் கவிழ்த்திருந்தார்கள். திங்கட்கிழமை பல ஊர்களில் ரொட்டிக் கடைகூடத் திறக்காது. நான் எப்போதும் ஒரு டப்பா புளியோதரை எடுத்துப் போகிறேன். வெயிலில் கெடாது, உப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஏற்றத்துக்கு என்று கடையில் விற்கும் அந்தத் தித்திப்புக் கூழைவிட எனக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது.

முதல் நாளுக்கு இந்த வழி போதும். காஓரிலிருந்து துவெல், பர்னாக் கொல்லைகள், பிறகு லுஸெஷ். லுஸெஷில் ஆறு தன்னையே தொட்டுவிடும்போல வளைகிறது. ஊர் அந்தக் குறுகிய கழுத்தில் இருக்கிறது. மேலே அம்பெர்னால் குன்றில் ஏறினால் ஒரே ஆறு இடப்பக்கமும் வலப்பக்கமும் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் டென்மார்க் அரச குடும்பத்துக்கு ஒரு மாளிகையும் திராட்சைக் கொல்லையும் உண்டு, 1974-இல் வாங்கியது. அங்கிருந்து அல்பாஸ், மேட்டுநிலம் வழியாக பெலாய், பிறகு ஆற்றைக் கடந்து புய்-லெவெக். நேர்ச்சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இப்படி ஏறி இறங்கினால் ஐம்பதுக்குக் குறையாது. இரவு அங்கே தங்கி, மறுநாள் எதிர்க்கரை வழியாகத் திரும்புங்கள். தூங்கும் முன் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், அக்குளில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். செவிலியாகச் சொல்கிறேன், இதைத் தள்ளிப்போடாதீர்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எண்ணெய் தடவாதீர்கள். கடித்த இடத்தைச் சுற்றி அடுத்த வாரங்களில் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை நல்ல காலம். செப்டம்பர் இன்னும் அழகு, ஆனால் வேட்டையும் அப்போது தொடங்குகிறது. காட்டு ஓரத்தில் "ஷாஸ் ஆன் கூர்" (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஞாயிறன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். விழுந்து அடிபட்டால் அவசர எண் 112.

திரும்பி வந்து ரயிலுக்கு நேரம் இருந்தால், களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு வலாந்த்ரே பாலத்துக்குப் போங்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மூன்று கோபுரங்கள். கட்டியவர் வேலை முடிய ஒரு பிசாசிடம் ஆன்மாவை விற்றார், கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதை ஏமாற்றினார், கோபத்தில் பிசாசு இரவுதோறும் நடுக் கோபுரத்து மூலைக்கல்லைப் பிடுங்கியது என்று கதை. 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்த போல் கூ என்ற கட்டடக் கலைஞர் அந்த மூலையில் ஒரு சின்னப் பிசாசுச் சிற்பத்தை வைக்கச் செய்துவிட்டார். கல்லை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கக் கழுத்தை நன்றாக மேலே தூக்க வேண்டும். அங்கிருந்து நிலையத்துக்குப் பத்து நிமிடம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும்.