உப்புத் தண்ணீர் வீட்டில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

போன வாரம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு வீட்டிலிருந்து ஃபோன் செய்தான். "அண்ணா, சாஃப்ட்னர் வேலையே செய்யல. டிடிஎஸ் மீட்டர்ல உள்ள போற தண்ணி 480 காட்டுது, வெளிய வர்றது 476. ரெசினை மாத்திடலாமா?"

சாஃப்ட்னர் என்பது கடின நீரை மென்னீராக்கும் மிஷின்; அதற்குள் அந்த வேலையைச் செய்யும் சிறு மணிகள்தான் ரெசின். என் ஆரம்ப காலத்தில் இதே நிலையில் நான் ரெசினை மாற்றியே விட்டேன். நல்ல நிலையில் இருந்த சரக்கை மூட்டை கட்டித் தூக்கிப் போட்டு, அந்த வீட்டுக்காரரிடம் அதற்குப் பணமும் வாங்கினேன். நினைத்தால் இன்றும் உறுத்துகிறது. அதனால் குழாய் முனையில் படியும் வெள்ளையை எப்படித் துடைப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிட்டு, நேராக இதற்கே வருகிறேன்.

டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மையை முடிவு செய்வது

பேனா மாதிரி இருக்கும் அந்த மீட்டர் கால்சியத்தைத் தேடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, மொத்தம் இவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. சமையல் உப்பைக் கரைத்தாலும் எண் ஏறும்.

கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும் மட்டும்தான். சாஃப்ட்னர் இவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. ஒரு கால்சியம் போனால் இரண்டு சோடியம் வரும். எடையில் பார்த்தால் 40 போய் 46 வருகிறது. பிறகு மொத்த உப்பு எப்படிக் குறையும்? சாஃப்ட்னர் ஒழுங்காக வேலை செய்யும்போதும் மீட்டரில் ஏறக்குறைய பழைய எண்தான் தெரியும். 480-க்கு 476 என்பதில் எந்தக் கோளாறும் இல்லை.

இது தெரியாமல் சிலர் மிஷினையே மாற்றுகிறார்கள். சிலர் வீடு முழுவதற்கும் ஆர்ஓ போடக் கிளம்பிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது, நம் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நிம்மதியாக இருந்துவிட்டுக் கீசரைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. 250 காட்டும் தண்ணீரில் 200 வரை கடினத்தன்மையாகவே இருக்கலாம். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு.

சரி, எதை வைத்துப் பார்ப்பது? சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் கிடைக்கிறது. சிறு குழாயில் தண்ணீர் எடுத்து நிறங்காட்டியைப் போட்டால், கடின நீர் ஒயின் சிவப்பாக மாறும். பிறகு இன்னொரு பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். எத்தனையாவது சொட்டில் சிவப்பு முழுக்கப் போய் நீலமாகிறதோ, அதை வைத்துக் கணக்கு. சாஃப்ட்னர் சரியாக இருந்தால் அதன் தண்ணீர் தொடக்கத்திலேயே நீலமாக நிற்கும். கிட் இல்லையென்றால் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, டிடர்ஜென்ட் கலக்காத திரவ சோப்பு நாலைந்து சொட்டு விட்டு நன்றாகக் குலுக்குங்கள். மென்னீரில் நுரை நிற்கும், கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும். கடின நீரில் நுரை அடங்கிப்போய்த் தண்ணீர் பால் மாதிரி கலங்கும்.

பையனிடம் சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். நீலம். பிறகு ஏன் குளியலறையில் மட்டும் வெள்ளை படிகிறது? குழாயைப் பின்தொடர்ந்து போனால், அந்த ஒரு லைன் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரிந்திருந்தது. ரெசினை மாற்றியிருந்தாலும் அந்த வெள்ளை போயிருக்காது.

டயலைத் தொடாமல் விடுவது

ரெசின் நிறைந்ததும் உப்புக் கரைசலால் அதைக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும்; அதற்காக நம் தண்ணீரின் கடினத்தன்மையைச் சாஃப்ட்னரின் டயலில் வைக்கிறோம். சில மிஷின்களில் டயல் 'கிரெய்ன்' கணக்கில் இருக்கும். 1 கிரெய்ன் என்பது லிட்டருக்கு 17.1 மில்லிகிராம். சோதனையில் 340 வந்தால் டயலில் 20. தொழிற்சாலையில் வைத்த எண்ணிலேயே ஓடவிட்டால், ஒன்று உப்பு வீணாகும், இல்லை நடுவிலேயே கடின நீர் வரத் தொடங்கும்.

அப்புறம், உப்புத் தொட்டியை மேலாகப் பார்த்து நிறைந்திருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். உப்பு இறுகி மேலே கூரை மாதிரி நிற்கும், அடியில் வெற்றிடம் இருக்கும். ஒரு கட்டையால் மெதுவாகக் குத்திப் பாருங்கள்.

சமையலறைக் குழாயையும் சாஃப்ட்னரில் சேர்ப்பது

கடினத்தன்மை 100 மில்லிகிராம் குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் வீட்டில் இருந்தால் குடிநீர்க் குழாயைத் தனியாக விடுங்கள்.

ஆசிட்

படிந்த வெள்ளையைப் போக்க இது வேண்டாம். குரோம் பூச்சு போய்விடும், பிளீச்சிங்கோடு கலந்தால் குளோரின் வாயு வரும்.

நுரைக்காகச் சோப்பைக் கூட்டிக்கொண்டே போவது

கூடுவது, கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து படியும் அழுக்குத் திரைதான்.

கீசரை உச்ச சூட்டில் வைப்பது

சூடாக்கும்போதுதான் கரைந்திருக்கும் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. சூடு ஏற ஏறப் படிவும் கூடும். ஒரு கீசரைத் திறந்தபோது, விரல் தடிமன் இருக்க வேண்டிய 'காயில்' (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மணிக்கட்டுத் தடிமனுக்கு இருந்தது. தட்டினால் முட்டை ஓடு போல உதிர்ந்தது. இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். அந்த ஓட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் காயில் எரிந்துபோயிருந்தது.

60 டிகிரி போதும். கீசருக்குள் கொதிப்பது போல் சத்தம் கேட்க ஆரம்பித்தால், படிவுக்கு அடியில் நீராவிக் குமிழ்கள் வெடிக்கின்றன என்று அர்த்தம். அப்போதே திறந்து சுத்தம் செய்தால் காயில் தப்பும். திறக்கும்போது உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் பாருங்கள். அது கரைந்து தீர்ந்திருந்தால் அடுத்து அரிக்கப்படுவது தொட்டிதான்.