கவரேஜ் இல்லையென்று காசைக் கொட்ட முன்னம்

எங்கள் வளவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை வருடம் முழுக்கக் கிடக்கும், மழைக்கும் எடுத்து வைக்க மாட்டோம், ஏனென்றால் வீட்டில் யாருக்குக் கோல் வந்தாலும் ஓடிப்போய் இருக்கிற இடம் அதுதான். வன்னியில் இப்படி ஒரு மரமோ கிணற்றடியோ படலையடியோ இல்லாத ஊர் இருக்காது. மீள்குடியேறி வந்த புதிதில் கிடுகுக் கொட்டிலுக்குள் படுத்துக்கொண்டே கதைத்தவர்கள், கல்வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு "கொம்பனிக்காரன் கவரேஜைக் குறைச்சுப் போட்டான்" என்று திட்டுகிறார்கள். ரவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. வீடுதான் மாறியிருக்கிறது.

கிடுகு அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தகரம் அதை அப்படியே தெறிக்க வைக்கும், கம்பி வைத்த கொங்கிரீற் நன்றாகத் தின்றுவிடும், ஜன்னலுக்கு மேல் தகரத்தில் தாழ்வாரம் இறக்கியிருந்தால் மிச்சமும் போச்சு. வளவில் நின்றால் கதைக்கலாம், அறைக்குள் போனால் வெட்டுகிறது என்றால் பிரச்சினை உங்கள் சுவரில். வளவிலும் இல்லை, ஒழுங்கையிலும் இல்லை என்றால் அது வேறு கதை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைக்கு ஓடுவதுதான் நான் கண்ட பெரிய பிழை. நானும் விட்ட பிழை.

பிரித்துப் பார்க்கப் போனாலும் பலர் போனில் தெரியும் கோடுகளை நம்பிவிடுகிறார்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்கிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி வைத்திருக்கிறார்கள், உங்கள் போனில் இரண்டு கோடும் மச்சானின் போனில் மூன்று கோடும் ஒரே சிக்னலாகவே இருக்கலாம். எண்ணைப் பாருங்கள். அன்ட்ரொயிட் போனில் செற்றிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று ஒன்று இருக்கும், அங்கே டிபிஎம் (dBm, சிக்னலின் வலுவை அளக்கும் அலகு) என்று கழித்தல் குறியோடு ஒரு எண் தெரியும். ஐபோனில் *3001#12345#* அடித்தால் வரும். 4ஜி என்றால் -85 அருமை, -100 பரவாயில்லை, -115 என்றால் கோல் எப்போது அறும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கழித்தல் எண் என்பதால் பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது, அப்படி 3 கூடினால் சிக்னலின் வலு இரண்டு மடங்கு. அறைக்குள் -113 காட்டிய போன் ஜன்னலடியில் -101 காட்டினால் வித்தியாசம் வெறும் பன்னிரண்டு என்று நினைக்காதீர்கள், அது பதினாறு மடங்கு.

ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு ஜன்னலிலும், அலுமாரிக்கு மேலேயும் ஒரு நிமிடம் போனை வைத்து எழுதுங்கள். எண் உடனே மாறாது, நடந்துகொண்டே பார்த்தால் பொய் காட்டும். அப்புறம் கிளிநொச்சியில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வேறு சிம் வைத்திருக்கும் சொந்தக்காரர் வந்தால், தேத்தண்ணி குடித்து முடிய அவருடைய போனையும் வாங்கி அதே சுற்றுச் சுற்றுங்கள். ரவுணில் நல்லாய் இழுக்கிற சிம்மை ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கொண்டுவந்து ஏமாந்தவர்கள் கனபேர். எந்தச் சிம் நல்லது என்று கேட்பதில் பொருளில்லை, உங்கள் வளவில் எது நல்லது என்பதுதான் கேள்வி. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டும் ஒரே கொம்பனியாக இருக்க வேண்டாம்.

போன் செற்றிங்கில் ஒரு பொறி இருக்கிறது. டேட்டா வேகமாக வரட்டும் என்று யாரோ ஒரு தம்பி "4ஜி மட்டும்" என்று மாற்றிவிட்டுப் போவார், அதன் பிறகு சாதாரண கோல் வராது. 4ஜியில் குரல் போக வோல்ட்டீ (VoLTE) என்ற வசதி வேண்டும், உங்கள் போனிலோ சிம்மிலோ அது வேலை செய்யாவிட்டால் கோலுக்குப் பழைய வலையமைப்புக்கு இறங்கியாக வேண்டும், இறங்கும் கதவை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். தானாகத் தெரிவுசெய்ய விடுங்கள். இரும்புத் தகடு வைத்த கவரையும் கழற்றிப் பாருங்கள்.

சரி, காசு கரைகிற இடத்துக்கு வருவோம். பின்னால் ஒட்டுகிற தங்க நிற ஸ்டிக்கர், சிக்னலைக் கூட்டும் அப் எல்லாம் சும்மா. ஒரு அப் போட்டுப் போனின் அன்ரனாவை வளர்க்க முடியாது. பூஸ்ரர் என்று இணையத்தில் விற்கிற பெட்டிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஏதோ செய்யும். வெளியே இருக்கிற சிக்னலை வாங்கிப் பெருக்கி உள்ளே விடுவதுதான் அதன் வேலை, வெளியே ஒன்றுமே இல்லையென்றால் பெருக்க ஒன்றும் இல்லை. வெளி அன்ரனாவும் உள் அன்ரனாவும் கிட்டக் கிட்ட இருந்தால், கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டு போனதும் "கூ" என்று கத்துமே, அதே கத்தலை இந்தப் பெட்டி ரவரைப் பார்த்துக் கத்தும். எங்கள் காதுக்குக் கேட்காது, ஊரில் மற்றவர்களின் கோல் அறுபடும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது, வானலைக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

பூஸ்ரருக்கு வைத்திருந்த காசில் சிம் போடும் ரௌட்டர் ஒன்றை வாங்கலாம். அதையும் ரீவி மேசையில் கொண்டுபோய் வைத்தால் பயனில்லை. கொப்பியில் நல்ல எண் வந்த ஜன்னலடியில் வையுங்கள், அங்கிருந்து வீடு முழுக்க வைபை வரட்டும், கனடாவில் இருந்து வருகிற வட்ஸ்அப் கோல் அதில் வந்துவிடும். சில போன்களில் வைபை வழியாகச் சாதாரண கோலே எடுக்கலாம், உங்கள் கொம்பனி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜன்னலிலும் போதாதென்றால்தான் வெளி அன்ரனா. பழைய ரீவி அன்ரனாவைக் கட்டாதீர்கள், அது வேறு அலைவரிசைக்குச் செய்தது. ரீவி வயரையும் விடுங்கள். மெல்லிய வயரில் பத்து மீற்றர் இறக்கினால், உயரத்தில் பிடித்த சிக்னலில் பாதிக்கு மேல் கீழே வருமுன்னே கரைந்துவிடும். அன்ரனா கட்டும் பைப்பின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்களுக்கு இது விளங்கவே இல்லை: உயரம் தந்ததை வயர் வாங்கிவிட்டது. தண்ணீர் புகாத பெட்டிக்குள் ரௌட்டரையே மேலே ஏற்றி, கீழே லான் வயரை இறக்கலாம், அது நூறு மீற்றர் வரை தாங்கும். ஆனால் எங்கள் வெயிலுக்குப் பெட்டி அவியும், நிழலும் காற்றோட்டமும் பார்க்க வேண்டும். ரௌட்டரில் அன்ரனாவுக்கு இரண்டு துளை இருந்தால் இரண்டையும் பாவியுங்கள். திசை தெரியாவிட்டால் இரவில் பாருங்கள், வன்னி தட்டையான நிலம், ரவரின் சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரியும். அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் எண் மாறும் வரை பொறுங்கள். அந்தத் திசையில் மரம் மறைக்கிறது, அதுவும் மழையில் நனைந்த இலை இன்னும் மறைக்கிறது என்பது உண்மைதான். அதற்காக அப்பு வைத்த மாமரத்தைத் தறிக்க வேண்டாம், அன்ரனாவைத் தள்ளி வையுங்கள்.

இரும்புப் பைப் நடுகிறவர்கள் இடியை மறந்துவிடுகிறார்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் எப்படி இடிக்கும் என்று தெரியும்தானே. பைப்புக்கு ஒழுங்கான நில இணைப்பைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்வியுங்கள், மழை இருட்டும்போதே ரௌட்டரின் பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றுங்கள். அதைவிட முக்கியம், பைப் எந்தப் பக்கம் சரிந்தாலும் கரண்ட் கம்பியில் முட்டாத இடமாகப் பார்த்து நடுங்கள்.

எண் -85 காட்டுகிறது, ஆனாலும் இரவு எட்டு மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா? அது சிக்னல் குறைவு இல்லை, ரவரில் நெரிசல். விடிய ஐந்து மணிக்கு அதே வீடியோவைப் போட்டுப் பாருங்கள், ஓடினால் உங்கள் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை. கரண்ட் போய்ச் சில மணித்தியாலத்தில் கவரேஜும் போனால் ரவரின் பற்றரி இறங்கிவிட்டது என்று எடுங்கள். இரண்டுமே கொம்பனி பார்க்க வேண்டிய வேலை. முறைப்பாடு கொடுக்கும்போது "கவரேஜ் இல்லை" என்று மட்டும் சொன்னால் போனை நிறுத்திப் போடச் சொல்வார்கள். ஊர், கிட்ட இருக்கிற பள்ளிக்கூடம் அல்லது சந்தி, தேதி, நேரம், வளவுக்குள் வந்த எண் எல்லாவற்றையும் கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள், பக்கத்து வளவுக்காரரையும் தனியாக ஒரு முறைப்பாடு போடச் சொல்லுங்கள். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் அதே கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.