கடைசிப் பாட்டில் ஒலி சிதைகிறதா? டோன்ஆர்மைச் சரிசெய்யும் முறை

இசைத்தட்டின் முதல் பாட்டு தெளிவாக ஒலித்து, லேபிளை நெருங்கும் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறினால், புது ஊசி வாங்குவதற்கு முன், டோன்ஆர்ம் எனும் கையின் முனையில் காட்ரிட்ஜ் (ஊசி உள்ள சிறு பெட்டி) பொருத்தப்பட்டிருக்கும் விதத்தைச் சோதியுங்கள். தேய்ந்துவிட்டது என்று நான் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்த ஒரு தட்டு, காட்ரிட்ஜை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே நகர்த்தியதும் தெளிவாகப் பாடியது.

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டில், வெளி ஓரத்துப் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. கடைசிப் பாட்டிலோ 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருப்பதால், வெளியே காதுக்குத் தெரியாத கோணப் பிழை உள்ளே அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. பதிவின்போது பள்ளத்தை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகர்கிறது. நம் டோன்ஆர்மோ ஓர் அச்சில் சுழன்று வில்லாக நகர்கிறது. ஆகவே கோணப் பிழை முற்றிலும் இல்லாத இடங்கள் தட்டில் இரண்டுதான். பரவலாகப் பின்பற்றப்படும் பேர்வால்ட் கணக்கின்படி அவை மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் அமைகின்றன.

வேலையின் வரிசை முக்கியம், ஏனெனில் ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும். முதலில் ரசமட்டம் வைத்துச் சுழல்தட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு ஆன்டி-ஸ்கேட்டிங்கை (கை மையம் நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் குமிழ்) பூஜ்யத்தில் வைத்து, ஊசிக் காப்பைக் கழற்றிவிட்டு, டோன்ஆர்ம் தானாக மிதக்கும்வரை அதன் பின்முனையிலுள்ள பின்எடையைத் திருகுங்கள். காப்பு மாட்டியே இருந்தால் அதன் எடையும் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே பின்எடையிலுள்ள எண்வளையத்தைப் பூஜ்யமாக்கி, காட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அழுத்தத்துக்குத் திருப்புங்கள். பல மூவிங் மேக்னட் (அசையும் காந்த) வகைக் காட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2 கிராம் வரை. எண்வளையத்தை முழுதாக நம்பாமல், சிறு டிஜிட்டல் தராசில் சரிபார்ப்பது நல்லது. அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் மோதித் துள்ளி அதிகச் சேதம் செய்கிறது. சொல்லப்பட்ட எல்லைக்குள் சற்று மேல்பக்கமாக வைப்பதே என் வழக்கம்.

அடுத்து, இரண்டு புள்ளிகளும் கோடுகளும் அச்சிட்ட புரோட்ராக்டரை (கோணம் சரிபார்க்கும் அட்டை) சுழல்தட்டில் வைத்து, தட்டு அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெட்ஷெல் (காட்ரிட்ஜ் மாட்டப்படும் கையின் முனை) திருகுகளைக் காட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, ஊசி முனையை முதல் புள்ளியில் மெதுவாக இறக்குங்கள். டார்ச் ஒளியில் உருப்பெருக்கியால் பார்த்தால், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு தெரியும். காட்ரிட்ஜின் உடல் கோணலாக இருக்கலாம் என்பதால், கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டியது அந்தத் தண்டுதான். ஒரு புள்ளியில் இணையாக இருந்து மற்றதில் விலகினால், காட்ரிட்ஜை முன்னோ பின்னோ அரை மில்லிமீட்டர் நகர்த்தி, கோணத்தைத் திருத்தி, இரண்டிலும் பொருந்தும்வரை மாற்றி மாற்றிப் பாருங்கள். பொறுமை இங்கேதான் தேவை. திருகுகளை முறுக்கும்போதே காட்ரிட்ஜ் திரும்பிவிடும் என்பதால், இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, மீண்டும் சோதியுங்கள். காட்ரிட்ஜ் நகர்ந்ததால் அழுத்தமும் மாறியிருக்கும். அதையும் மறுபடி அளக்க வேண்டும்.

ஊசி தட்டில் இருக்கும்போது, பக்கவாட்டில் பார்த்தால் கை தட்டுக்கு இணையாக இருந்தால் உயரம் போதும். முன்பக்கச் சாய்வை அறிய, ஒரு சிறு கண்ணாடியில் ஊசியை இறக்கிப் பாருங்கள். ஊசியும் அதன் பிம்பமும் முறியாத நேர்கோடாகத் தெரிய வேண்டும்.

ஆன்டி-ஸ்கேட்டிங் கடைசியில் வரட்டும். ஓடும் தட்டு கையை மையம் நோக்கி இழுக்கிறது. அதனால் ஊசி உள்சுவரில் சாய்ந்து, வலது சேனல் பதிந்திருக்கும் வெளிச்சுவரில் பிடிப்பை இழக்கிறது. எனவே உரத்த இடங்களில் வலது பக்கம் மட்டும் சிதைந்தால் ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கூட்டுங்கள். இடது பக்கம் மட்டும் சிதைந்தால் குறையுங்கள். அழுத்த எண்ணுக்குச் சமமான எண்ணில் தொடங்கி, கடைசிப் பாட்டைக் கேட்டபடியே சிறுகச் சிறுகத் திருத்துங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் சிதைந்தால் அந்தக் குமிழை விட்டுவிட்டு புரோட்ராக்டருக்குத் திரும்புங்கள்.