கல்யாண வேலைக்குக் கேமரா வாங்குகிறீர்களா? முதலில் கார்டு போடும் இடத்தை எண்ணுங்கள்

காசு வாங்கிக் கல்யாணம், திருவிழா எடுப்பவர்கள் கேமராவின் மெகாபிக்சலைப் பார்ப்பதற்கு முன், அதில் எத்தனை மெமரி கார்டு போடலாம் என்று பாருங்கள். இரண்டு கார்டு போட முடிந்தால், கொஞ்சம் பெரிய கேமராவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

சோனி ஏ7சி 2, ஏ7 4 இரண்டிலும் 33 மெகாபிக்சல்தான், பேட்டரியும் ஒன்றுதான். சிறியதான ஏ7சி 2 சுமார் 514 கிராம், பெரியதான ஏ7 4 சுமார் 658. ஆனால் பெரியதில் இரண்டு கார்டு, சிறியதில் ஒரே கார்டு. தாலி கட்டும் நேரத்தில் அது பழுதானால் திரும்ப எடுக்க வழியே இல்லை. இரண்டு கார்டு இருந்தால் ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். மெனுவில் அதை நீங்களே மாற்றி வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஃபிளாஷ் போட்டால் சிறியதில் ஷட்டர் வேகம் 1/160 நொடி வரைதான், பெரியதில் 1/250. தோட்டத்துக் கோயில் திடலில் உச்சி வெயிலில் எடுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சுங்கை சிப்புட் மாதிரி சிறிய ஊரில் வேலை நடுவே ஏதாவது கெட்டால் ஈப்போவுக்குத்தான் ஓட வேண்டும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கடைப் பொருள்கள், சாப்பாடு, பாஸ்போர்ட் படம் போன்ற திரும்ப எடுக்கக்கூடிய வேலைகளுக்கு இது பொருந்தாது. அதற்குச் சிறியதே போதும். வெள்ளி மிச்சமானால் நல்ல லென்ஸில் போடுங்கள்.