சோழகக் காலத்தில் தோலையும் முடியையும் காக்கும் எண்ணெயும் களிம்பும்

வைகாசியில் எழும் சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் குளங்களை மட்டுமல்லாமல் மனிதரின் தோலையும் முடியையும் சேர்த்தே வறட்டிவிடுகிறது. தோல் வெளிறி வெடிக்கும்போது எண்ணெய் போதவில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள்; ஆனால் அங்கே குறைந்திருப்பது நீர். எண்ணெயும் மெழுகும் தோலின் மேல் படிந்து, உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகாமல் தடுக்கின்றனவே தவிர, தாமாக நீரைத் தருவதில்லை. ஆகவே எதைச் செய்து வைத்தாலும், குளித்துத் துவாயால் ஒற்றியெடுத்தபின், உடலில் சற்று ஈரம் இருக்கும்போதே பூசவேண்டும்.

தலைக்கான எண்ணெய்க்கு 250 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, பத்துச் செவ்வரத்தம் (செம்பருத்திப்) பூக்கள், ஒரு மேசைக்கரண்டி வெந்தயம் ஆகியவை போதும். இலையையும் பூவையும் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திய பின்னரே வெந்தயத்துடன் எண்ணெயில் இடவேண்டும். நீர் தங்கினால் எண்ணெய் விரைவில் கெட்டுவிடும். மெல்லிய தீயில் வைத்து, இலை மொறுமொறுப்பாகிக் குமிழிகள் அடங்கியதும், புகைய விடாமல் இறக்கி, ஆறியபின் பருத்தித் துணியில் வடித்து, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. ஆனால் இவ்வெண்ணெய் முடியைப் புதிதாக முளைக்கச் செய்யும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் எண்ணெயை ஊறவிடாமல், முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தடவுவது நல்லது.

குதிக்கால் வெடிப்புக்கும், வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து காய்த்துப்போன கைகளுக்கும் மெழுகுக் களிம்பே சிறந்தது. காட்டுத்தேன் எடுப்பவர்களிடம், தேனைப் பிழிந்தபின் எஞ்சும் வதையை (தேனடையை) கேட்டு வாங்கலாம். அதைத் தண்ணீரில் இட்டுச் சூடாக்கி, உருகியதும் பழந்துணியில் வடித்து ஆறவிட்டால், அழுக்கு கீழே தங்க, மெழுகு மேலே தட்டாக உறையும். அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு, ஈரம் போக உலர்த்திக்கொள்ளுங்கள். பிறகு 20 கிராம் மெழுகுக்கு 80 கிராம் நல்லெண்ணெய் என்ற அளவில் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, அதைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கவேண்டும். மெழுகு தீப்பிடிக்கக்கூடியது என்பதால் நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுகிறது. ஆகையால் நம் வெயிலிலும் களிம்பு இறுகியே இருக்கும். தேங்காய் எண்ணெயோ 24 பாகையளவிலேயே இளகிவிடுகிறது. பதம் பார்க்க ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விடுங்கள்; விரலால் அழுத்தக் கடினமாக இருந்தால் எண்ணெயையும், வழிந்தால் மெழுகையும் சிறிது கூட்டலாம். இலுப்பை எண்ணெய் கிடைத்தால் நல்லெண்ணெயில் கால் பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். மணம் கனமானது என்பதால் காலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

முகத்துக்குக் கற்றாழை போதும். மடலை வெட்டியதும் கால்மணி நேரம் நிமிர்த்தி வைத்து, வடியும் மஞ்சள் பாலை முழுவதும் கழுவிவிடவேண்டும். அது தோலை அரிக்கச் செய்யும். உள்ளிருக்கும் சோற்றை ஈரமான முகத்தில் தடவி, அது காயுமுன் இரண்டு துளி நல்லெண்ணெயைப் பூசலாம். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். நீர் நிறைந்த கற்றாழைச் சோறு பாதுகாப்புப் பொருள் இல்லாமல் கெட்டுவிடுமாகையால், அன்றைக்குத் தேவையானதை அன்றே எடுக்கவேண்டும். தேசிக்காய் (எலுமிச்சை) சாற்றை எதிலும் கலக்காதீர்கள். அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும்.

எதையும் முதன்முறை பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வெடிப்பிலிருந்து இரத்தம் அல்லது சீழ் வந்தாலோ, நீரிழிவு நோயாளியின் காலில் வெடிப்பு ஏற்பட்டாலோ, களிம்பை நம்பியிராமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.