ஸ்போர்ட்ஸ் காருக்கு அட்ஜஸ்டபிள் ஸ்வே பார்: எண்ட் லிங்க்கைப் பூட்டும் முறை

வளைவில் கார் சாய்வதைக் குறைக்க விரும்புகிறவர் ஸ்பிரிங்கில் கை வைப்பதற்கு முன்னால் ஸ்வே பாரை (இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் உருக்குக் கம்பியை) மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் நேர்ச்சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் இருக்கை வரை வந்து சேரும். ஸ்வே பாரோ, இடது வலது சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்போது தன்னைச் சுற்றிப் பிடிக்கும் உறையான புஷ்ஷுக்குள் சுழன்றுகொண்டு சும்மா இருக்கும்; ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும்போது மட்டுமே முறுக்கேறி அந்தச் சாய்வை எதிர்க்கும். ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் விழும்போது அந்த அதிர்வில் ஒரு பங்கை எதிர்ப்பக்கத்துக்கும் கடத்திவிடுவது இதன் குறை.

பின்சக்கர இயக்கம் உள்ள என் காரில் முன், பின் இரண்டு பார்களையும் நானே மாற்றினேன். பொருத்தும் வேலை ஒரே நாளில் முடிந்தது. ஆனால் இடப்பக்க வளைவில் ஒரு விதமாகவும் வலப்பக்க வளைவில் வேறு விதமாகவும் கார் திரும்பியதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்க மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் காரணம், பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டான எண்ட் லிங்க்கில் இருந்ததால், மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எந்த அளவு பார்?

பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 22 மி.மீ. பாருக்குப் பதில் 24 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறத்தாழ 42 சதவீதமும், 25 மி.மீ. போட்டால் ஏறத்தாழ 67 சதவீதமும் உயர்ந்துவிடும். ஆகவே கடையில் இருப்பதிலேயே தடித்ததை வாங்காதீர்கள். உள்ளீடற்ற குழாய் வகைப் பாரையே நான் விரும்புகிறேன், 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள குழாய், அதே விட்டமுள்ள கெட்டிப் பாரைவிட எடையில் 46 சதவீதம் குறைந்தாலும் விறைப்பில் 21 சதவீதம்தான் குறைகிறது.

பாரின் இரு முனைகளிலும் வளைந்து நீளும் கைகளில், லிங்க்கைப் பூட்ட இரண்டு அல்லது மூன்று துளைகள் இருக்கும். நுனியில் உள்ள துளை மென்மையானது, கை வளையும் இடத்துக்கு அருகில் உள்ளது கடினமானது. புதிதாகச் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வதுண்டு. கையின் நீளம் 250 மி.மீ.லிருந்து 230 மி.மீ. ஆனால், அந்த ஒரு துளை மாற்றமே விறைப்பைக் கிட்டத்தட்ட 18 சதவீதம் கூட்டிவிடும். பாருடன் சேர்த்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய எண்ட் லிங்க்குகளையும் கட்டாயம் வாங்குங்கள். அவை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

பழையதைக் கழற்றுதல்

ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே லிங்க்கைத் தொட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி நிற்கும். அந்த நிலையில் போல்ட் கழன்றால் பாரின் கை விசையோடு அடிக்கும். நட்டைத் திருப்பும்போது பால் ஜாயின்ட்டின் தண்டும் கூடவே சுழன்றால், தண்டின் நுனியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு, வளைய ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் மரையையும் குழியையும் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும்; சேறு அடைந்த குழியில் ஆலன் கீயை வைத்து அழுத்தினால் குழி மழுங்கிவிடும். இம்பாக்ட் ரெஞ்சை இந்த நட்டுக்கு நான் பயன்படுத்துவதில்லை, அது தண்டையும் சேர்த்துச் சுழற்றிவிடுகிறது.

புஷ்ஷும் கிளாம்ப்பும்

பாலியூரிதேன் புஷ்ஷின் உட்புறம் முழுவதும் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். புஷ்ஷைக் காரின் அடிப்பகுதியோடு பிடிக்கும் கிளாம்ப்பைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்க உதவும் ஸ்பேனரால்) இறுக்கியபின், லிங்க்கை மாட்டாமலே பாரைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்; லேசான அழுத்தத்தில் அது சுழல வேண்டும். பிடித்துக்கொண்டால் கிளாம்ப்பின் அடியில் மெல்லிய வாஷர் வைத்துத் தளர்த்துங்கள். பார் பக்கவாட்டில் நகராதபடி தடுக்கும் வளையங்கள் உங்கள் செட்டில் இருந்தால் அவற்றை மறக்காமல் பூட்டுங்கள்.

எண்ட் லிங்க்

நான் தவறியது இங்கேதான். கார் ஜாக் ஸ்டாண்டில் இருக்கும்போதே இரண்டு லிங்க்குகளையும் ஸ்கேலில் அளந்து சம நீளமாக வைத்து இறுக்கிவிட்டேன். நீளம் சமமாக இருந்தால் போதும் என்று எண்ணியதுதான் பிழை. எந்தக் காரும் நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை என்பதால், நீளம் சமமாக இருந்தும் கார் தரையில் இறங்கியதும் பார் முறுக்கேறிவிட்டது. நேராக நிற்கும்போதே அது ஒரு பக்கத்தைத் தூக்கி மறுபக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. ப்ரீலோட் என்று சொல்வது இதைத்தான். மூன்று வாரம் கழித்து, கார் தன் எடையில் நிற்க, ஒரு பக்க போல்ட்டைத் தட்டி எடுத்தபோது லிங்க் ‘டக்’கென்று விலகியது; துளைக்கும் லிங்க்குக்கும் இடையில் 6 மி.மீ. இடைவெளி இருந்தது.

இப்போது நான் செய்யும் முறை இது. சமதளத் தரையில், நான்கு சக்கரங்களுக்கும் ஒரே உயரமுள்ள கெட்டிப் பலகைகளை வைத்து அவற்றின் மேல் காரை ஓட்டி ஏற்றுகிறேன். ஜாக்கிலிருந்து நேரே இறக்கினால் டயர்கள் உட்புறம் இழுபட்ட நிலையிலேயே நின்று காரை உயர்த்திக் காட்டும் என்பதால் ஓட்டி ஏற்றுவதே சரி. பிறகு முன்னும் பின்னும் அமுக்கி விடுகிறேன். ஓட்டுநர் இருக்கையில் என் எடை அளவுக்கு மணல் மூட்டை வைக்கிறேன். ஒரு பக்க லிங்க்கை முழுமையாகப் பூட்டிவிட்டு, மறுபக்க லிங்க்கின் நீளத்தை அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாற்றி, போல்ட் இரண்டு விரல் தள்ளலில் துளைக்குள் வழுக்கிச் செல்லும் வரை சரிசெய்கிறேன். சுத்தியல் தேவைப்பட்டால் நீளம் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

லிங்க்கின் நீளம் மாறாமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ராட் எண்டின் (லிங்க்கின் முனையில் உள்ள, உருண்டை வைத்த மூட்டின்) மரை 10 மி.மீ. என்றால், அது லிங்க்குக்குள் குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும். அடுத்து, ராட் எண்ட் இரண்டும் தம் ஆட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். லாக் நட்டு இறுகும்போது அவை திரும்பி ஓரத்தில் முட்டிக்கொண்டால் வேகத்தடையில் சத்தம் வரும், தண்டும் வளையும். ஒரு ஸ்பேனரால் ராட் எண்டைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் இறுக்குங்கள். கழற்றிய நைலான் நட்டுகளை மீண்டும் போடாதீர்கள்.

கடைசியாக ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிரைவ் ஷாஃப்ட் பூட் எதையும் பாரோ லிங்க்கோ தொடவில்லை என்று பாருங்கள். சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையிலும் இதே சோதனை வேண்டும்.

துளையைத் தேர்ந்தெடுத்தல்

முன்பக்க விறைப்பு கூடினால் கார் வளைவின் வெளிப்பக்கம் நோக்கி முன்னால் தள்ளும். பின்பக்கம் கூடினால் வால் வெளியே வரும். பின்சக்கர இயக்கக் காரில் பின் பாரை மட்டும் கடினமாக்குவது ஈரச் சாலையில் ஆபத்து. உட்பக்கப் பின்சக்கரத்தின் பிடி குறைந்து, லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இல்லாத டிஃபரென்ஷியலில் அந்தச் சக்கரம் வீணாகச் சுழலவும் செய்யும். முன், பின் இரண்டையும் நுனித் துளையில் வைத்துத் தொடங்குங்கள். டயர் காற்றழுத்தத்தை மாற்றாமல், பொதுப் போக்குவரத்து இல்லாத மூடிய தடத்தில் ஓட்டிப் பார்த்து, ஒரு சமயத்தில் ஒரு முனையில் ஒரு துளை மட்டும் மாற்றுங்கள். துளை மாறும் ஒவ்வொரு முறையும் லிங்க் நீளத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை பாருங்கள்.

பின்சேர்க்கை: இடப்பக்கம் ஒரு துளையும் வலப்பக்கம் வேறு துளையும் வைத்து இடைப்பட்ட விறைப்பைப் பெறலாமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பெறலாம். ஆனால் கைகளின் நீளம் வேறுபடுவதால் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போதும் பார் சற்று முறுக்கேறும். அதனால் நான் அப்படி வைப்பதில்லை. சில மாதங்களில் கீச்சொலி கேட்பதாக எழுதியவர்கள், புஷ்ஷைக் கழற்றித் துடைத்துப் புதிதாக சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். வெளியிலிருந்து ஸ்பிரே அடித்தால் அது உள்ளே போவதில்லை.