மாதிரி நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவராக நடிக்கப் போகிறீர்களா?

பள்ளியில் இந்த வேடம் கிடைத்தால் பலர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்கள், பிரதமருக்குத்தான் வசனம் அதிகம் என்று. உண்மையில் கஷ்டமான வேடம் இதுதான்.

முதலில் நடை. அவசரமே கூடாது. 2024 ஜனவரியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நாடாளுமன்ற இரு அவைகளின் கூட்டுக்கூட்டத்துக்கு வந்தபோது முன்னால் செங்கோல் ஏந்திச் சென்றார்கள், அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் தேசிய கீதம், முழுசாக 52 விநாடி. அதுவரை கையைப் பிசையாமல், சபையைத் துழாவிப் பார்க்காமல் நேராக நில்லுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து ஒருமுறை நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அப்புறம் உரை. இதில்தான் எல்லோரும் சொதப்புவார்கள். அதை எழுதிக் கொடுப்பது அரசாங்கம், நீங்கள் வாசிக்கிறீர்கள், அதனால்தான் "எனது அரசு" என்று வரும். அந்த இடத்தில் பெருமையாகக் குரலை உயர்த்தாதீர்கள், ஆளும் தரப்பு மேசையைத் தட்டினால் சிரிக்காதீர்கள், எதிர்க்கட்சி கத்தினால் முறைக்காதீர்கள், தட்டுவதோ கத்துவதோ அடங்கும்வரை சும்மா நிறுத்தி, விட்ட வரியிலிருந்து தொடருங்கள்.

சட்டையில் கட்சி நிறம் வேண்டாம், துண்டும் வேண்டாம். அதற்காகக் கல்லாக உறையவும் வேண்டாம்: 1998 தேர்தலில் அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார், பதவியில் இருக்கும்போதே.

வெளியேறும்போது இரு பக்கமும் ஒரே அளவு குனிந்து வணக்கம் சொல்லுங்கள். நண்பன் உட்கார்ந்திருக்கும் பக்கம் கண்ணடிப்பது, சரி, அதைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.